இரட்டித்த மரபணு உடலை வரையவில்லை

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளையிடம் கேளுங்கள், அல்லது அறிவியல் பக்கங்களைத் தவறாமல் வாசிக்கும் பெரியவரிடம் கேளுங்கள்: முள்ளந்தண்டுள்ள விலங்குகள் எப்படி வந்தன? பதில் இன்று மனப்பாடமாகிவிட்டது. ஆதி மூதாதையின் மரபணுத்தொகுதி முழுவதும் ஒருமுறை இரட்டித்ததாம்; பிறகு இன்னொரு முறை இரட்டித்ததாம்; ஒன்று நான்கானதாம்; மேலதிகப் பிரதிகள் புதுப்புது வேலைகளைக் கற்றுக்கொண்டனவாம்; அதனால்தான் தலை, தாடை, துடுப்பு, கால் எல்லாம் வந்தனவாம்.

இரட்டிப்பு நடக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. நடந்தது, அதன் தடயம் நம் நிறமூர்த்தங்களிலேயே கிடக்கிறது. நான் மறுப்பது அதற்கு அடுத்த வாக்கியத்தை: "ஆகவே அதுதான் விலங்கின் உடலமைப்பை ஆக்கியது." இந்த "ஆகவே" எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையைப் பரீட்சைக்குப் படிப்பிக்கிறோம்.

கருத்தின் தந்தைக்கு முதலில் மரியாதை செய்வோம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வேலைசெய்த சுசுமு ஓனோ 1970இல் மரபணு இரட்டிப்பின் வழியே கூர்ப்பு நடந்ததென்று ஒரு முழுப் புத்தகமே எழுதினார். டி.என்.ஏ. எழுத்துகளை வாசிக்கும் முறைகள் வராத காலம் அது. கலத்தில் எவ்வளவு டி.என்.ஏ. இருக்கிறது, எத்தனை நிறமூர்த்தங்கள் இருக்கின்றன என்ற இரண்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, முள்ளந்தண்டு விலங்குகளின் முன்னோரில் மொத்தத் தொகுதியும் இரட்டித்திருக்க வேண்டும் என்றார். ஊகம் பலித்தது. அதற்கு அவர் சொன்ன காரணமும் கெட்டிக்காரத்தனமானது. அவசியமான வேலை ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும் மரபணுவில் விகாரம் வந்தால் அந்த உயிர் பிழைக்காது. எனவே அந்த மரபணு மாற வழியில்லை. இன்னொரு பிரதி இருந்தால், ஒன்று பழைய வேலையில் இருக்க, மற்றது சுதந்திரமாகத் திரிந்து புதிய வேலை தேடலாம். ஒற்றைப் பிரதி கட்டுண்டது, இரட்டைப் பிரதி விடுதலை பெற்றது என்பதுதான் ஓனோவின் முழுச் சாரம். இந்த முதற்படியே ஆட்டம் காண்கிறது என்பதைச் சற்றுப் பொறுத்துக் காட்டுகிறேன்.

கதைக்கு உயிர் கொடுத்தது ஒரு சின்னப் பிராணி. அம்பியொக்சஸ், இரண்டு அங்குலம் தேறும், கண்ணாடிபோல் உள்ளே தெரியும் உடல், கடல் மணலில் பாதி புதைந்து கிடக்கும். எலும்பில்லை, தாடையில்லை, தலையென்று சொல்லத்தக்க தலையுமில்லை. முதுகில் ஒரு விறைப்பான தண்டு மட்டும் உண்டு. இதுதான் நம் வம்சத்தின் வாசற்படி என்று 1894இல் புத்தகம் எழுதிய ஆர்தர் வில்லி, பிறகு 1902 முதல் 1910 வரை கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளராக இருந்தார். முள்ளந்தண்டின் மூலத்தைத் தேடியவர் கொழும்பில் எட்டு ஆண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் என்பது நம் பள்ளிக்கூடங்களில் யாரும் சொல்லாத செய்தி. வில்லியின் புத்தகம் வந்து நூறு ஆண்டு கழித்து, 1994இல், ஜோர்டி கார்சியா பெர்னாண்டஸும் பீட்டர் ஹோலண்டும் அதே அம்பியொக்சஸின் ஹொக்ஸ் மரபணுக்களைத் தேடிப் பிடித்தார்கள். முளையம் வளரும்போது எது முன்பக்கம், எது பின்பக்கம், எந்தத் துண்டத்தில் கால், எதில் சிறகு என்பதைத் தீர்மானிக்கும் மரபணுக்கள் இவை. நிறமூர்த்தத்தில் அடுத்தடுத்துக் கொத்தாக உட்கார்ந்திருக்கும். அம்பியொக்சஸில் ஒரே கொத்து. மனிதனில் நான்கு கொத்துகள், மொத்தம் 39 மரபணுக்கள். ஒன்று, நான்கு, எளிய உடல், சிக்கலான உடல். இதைவிட வசதியான சான்று யாருக்குக் கிடைக்கும்? 2008இல் அம்பியொக்சஸின் முழுத் தொகுதியும் வாசிக்கப்பட்டபோது ஒன்றுக்கு நான்கு என்ற கணக்கு ஹொக்ஸுக்கு வெளியேயும் உறுதியானது.

அந்தக் கணக்கை இரண்டு எண்களோடு நிறுத்தியதுதான் தவறு. மூன்றாவது எண்ணைச் சேருங்கள். லாம்பிரி என்ற தாடையற்ற மீன் வட்ட வாயால் மற்ற மீன்களைக் கவ்வி இரத்தம் குடிக்கும். சோடித் துடுப்பு கிடையாது, தாடை கிடையாது. அதன் ஹொக்ஸ் கொத்துகள் ஆறு. அதன் உறவான ஹாக் மீனிலும் ஆறு. இந்த ஹாக் மீனின் தொகுதி 2024இல் வெளிவந்தபோது வரலாறும் தெளிவானது: முதல் இரட்டிப்பு எல்லா முள்ளந்தண்டு விலங்குகளுக்கும் பொது, இரண்டாவது தாடையுள்ளவற்றுக்கு மட்டும் உரியது, தாடையற்றவை தம் வழியில் தனியாக மும்மடங்காகிக்கொண்டன. நம்மைவிடக் கூடுதலாகப் பெருக்கியவர் அவர்கள். நாற்பது கோடி ஆண்டுகளுக்கு மேலாகியும் தாடை வரவில்லை.

நான்காவது எண்ணையும் சேருங்கள். எலும்பு மீன்களில் மிகப் பெரும்பான்மையான கூட்டத்தில் மூன்றாவது இரட்டிப்பும் நடந்தது. சீப்ரா மீனில் ஏழு கொத்துகள். ஒன்று, நான்கு, ஆறு, ஏழு என்று அடுக்கி, உடல் அதே வரிசையில் "உயர்கிறதா" என்று பாருங்கள். ஏழு கொத்துள்ள மீனைவிட நான்கு கொத்துள்ள யானைக்கும் வௌவாலுக்கும் உடலமைப்பில் எந்தக் குறையும் தெரியவில்லை.

இதற்குக் கடல் தேடிப் போகவேண்டியதில்லை. நம் நாட்டுக் குளங்களில் விட்டு வளர்க்கும் இரண்டு மீன்களை எடுத்துக்கொள்ளலாம்: ரோகு, சாதாரண கார்ப். இரண்டும் ஒரே குடும்பம். ரோகுவுக்கு 50 நிறமூர்த்தங்கள். கார்ப்புக்கு 100, ஏனெனில் இரண்டு முன்னோர் மீன்களின் தொகுதிகள் ஒன்றாகச் சேர்ந்து அதன் வம்சம் தனியாக இன்னொரு முறை இரட்டித்தது. சந்தைப் பலகையில் இரண்டையும் பக்கத்தில் கிடத்திப் பாருங்கள். செவுள் மூடி ஒரே இடத்தில், பக்கக்கோடு ஒரே இடத்தில், துடுப்புகள் எண்ணிக்கையிலும் இருப்பிடத்திலும் அப்படியே. கார்ப்பின் முதுகுத் துடுப்பு நீளம், அதன் முன்முள் இரம்பம்போல் பல்லுள்ளது, வாயோரத்தில் மீசை தெளிவாகத் தெரியும். இவ்வளவுதான். செதில் உரசுகிறவருக்கு எது இரட்டித்தது என்று தெரியாது, தெரியவேண்டிய தேவையும் இல்லை. மொத்தத் தொகுதியும் இரட்டித்தும் உடலமைப்பு அசையவில்லை.

எதிர்த்தரப்பின் பலமான கோட்டை மீனில் இல்லை, பூச்சியில் இருந்தது. அது இடிந்த கதையைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் நம் வகுப்புகளில் கோட்டையைப் பற்றிச் சொல்கிறார்கள், இடிந்ததைச் சொல்வதில்லை.

மாத்தளை மாவட்டத்தில் யட்டவத்தப் பக்கம் வீட்டுத்தோட்டங்களில் கிளிசிரிடியா மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். அடியில் காய்ந்த இலைகள் ஈரத்தோடு மக்கிக் கிடக்கும். அந்தக் குப்பையைக் கிளறினால் முதலில் மரவட்டை சுருண்டுகொள்ளும். அதன் பெரும்பாலான துண்டங்களில் இரண்டு சோடிக் கால்கள். அடுத்து ஓடுவது பூரான், துண்டத்துக்கு ஒரு சோடி. மேலே மொய்க்கும் ஈக்கு மொத்தமே மூன்று சோடி, அதுவும் நடு உடலில். வயிற்றுப் பகுதியில் காலே கிடையாது. எல்லாத் துண்டத்திலும் கால் என்ற நிலையிலிருந்து மூன்றே சோடி என்ற நிலைக்கு எப்படி வந்தது? அமெரிக்காவின் கால்டெக் நிறுவனத்தில் பழ ஈயைப் பல்லாண்டு ஆராய்ந்த எட்வர்ட் லூயிஸ் இதற்குத் தந்த விடைதான் இரட்டிப்புக் கொள்கையின் மகுடம். பழ ஈக்கு ஒரு சோடிச் சிறகும், அதற்குப் பின்னால் சமநிலைக்கு உதவும் ஒரு சோடிச் சிறு குமிழும் உண்டு. லூயிஸ் சில விகாரங்களைச் சேர்த்து, குமிழ் இருக்கவேண்டிய இடத்திலும் முழுச் சிறகு முளைத்த, நான்கு சிறகு ஈயை உண்டாக்கினார். 1978இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் அவர் ஊகித்தது இது: மரவட்டைபோன்ற முன்னோரிடம் இந்த மரபணுக்கள் குறைவாக இருந்தன, மரபணு பக்கத்தில் பக்கத்தில் இரட்டித்து இரட்டித்துப் புதியவை உண்டாயின, அவற்றில் சில வயிற்றுக் கால்களை அடக்கின, பிறகு வந்தவை பின்சிறகைக் குமிழாக்கின. ஒவ்வொரு உடல்மாற்றத்துக்கும் ஒரு புதிய பிரதி. 1995இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது, முழுத் தகுதியோடு. ஆனால் பரிசு கிடைத்தது ஈயின் மரபணுக்களைக் கண்டுபிடித்ததற்கு. கூர்ப்பைப் பற்றிய அந்த ஊகத்துக்கு அல்ல.

ஊகத்தைச் சோதிக்கும் வழி நேரானது. பூரானிடம் எத்தனை ஹொக்ஸ் மரபணுக்கள் என்று எண்ணினால் போதும். 1997இல் ஷான் கரோலின் ஆய்வுக்கூடத்தினர் எண்ணினார்கள். பூரானோடு வெல்வெட் புழுவையும் எடுத்துக்கொண்டார்கள். மூட்டில்லாத குண்டுக் கால்களோடு ஊரும் அந்தப் பிராணி பூச்சிகளுக்கும் பூரானுக்கும் வெளிச்சொந்தம். முடிவு ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. ஈயிடம் உள்ள ஹொக்ஸ் கூட்டம் முழுவதும் பூரானிடமும் இருந்தது, வெல்வெட் புழுவிடமும் இருந்தது. ஈ, தேனீ, இறால், நண்டு, பூரான், மரவட்டை என்று இந்தப் பேரணி முழுவதும் ஒரே பெட்டி ஆயுதங்களோடு புறப்பட்டது. கால் குறைந்தது, சிறகு வந்தது, சிறகு குமிழானது. எதற்கும் புதிய பிரதி தேவைப்படவில்லை.

பின்னே எது மாறியது? இங்கேதான் ஓனோவின் முதற்படி உடைகிறது. 2002இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே ஒரே உண்மைக்கு வந்து சேர்ந்தன. உபிஎக்ஸ் என்ற ஹொக்ஸ் மரபணு பூச்சியிலும் இருக்கிறது, கூனி இறாலின் உறவான ஆர்ட்டீமியாவிலும் இருக்கிறது. பூச்சியின் உபிஎக்ஸ் புரதத்தின் வால்பகுதியில் வந்த ஒரு மாற்றத்தால் அது கால் முளைக்கும் மரபணுவை அடக்கும் வல்லமை பெற்றது. ஆர்ட்டீமியாவின் புரதத்தால் அப்படி அடக்க முடியவில்லை. உபிஎக்ஸ் இரட்டிக்கவில்லை. அது இல்லாமல் எந்தப் பூச்சியும் பிழைக்காது, அதாவது ஓனோவின் கணக்கில் கட்டுண்ட மரபணு. அந்தக் கட்டுண்ட ஒற்றைப் பிரதிதான் மாறியது. அந்த மாற்றத்தோடுதான் பூச்சியின் ஆறுகால் உடல் வந்தது. மரபணு என்பது ஒரே கட்டி இல்லை, பகுதி பகுதியாக ஆனது. ஒரு பகுதி மாற மற்றப் பகுதிகள் பழைய வேலையைப் பார்த்துக்கொண்டேயிருக்கும். இது 1970இல் தெரியாது. ஓனோவைக் குறை சொல்ல மாட்டேன். இன்று தெரிந்தும் பழைய பாட்டைப் பாடுபவர்களிடம்தான் எனக்கு வழக்கு.

வண்ணத்துப்பூச்சி விஷயம் இன்னும் சுவாரசியம். நான்கு சிறகுள்ள வண்ணத்துப்பூச்சியிடம் பின்சிறகைக் குமிழாக்கும் மரபணு இல்லாதிருக்க வேண்டும் என்பதே லூயிஸின் வாதத்திலிருந்து வரும் எதிர்பார்ப்பு. 1994இல் ஜூனோனியா பேரினத்து வண்ணத்துப்பூச்சி ஒன்றில் பார்த்தார்கள். அந்தப் பேரினத்து இனங்கள் நம் தோட்டங்களிலும் தாழப் பறப்பவைதான். பின்சிறகில் உபிஎக்ஸ் ஈயில் இருப்பதுபோலவே அதே இடத்தில் வேலை செய்துகொண்டிருந்தது. ஈயில் அது குமிழ் செய்கிறது, வண்ணத்துப்பூச்சியில் பின்சிறகுக்குத் தனி வடிவமும் நிறமும் தருகிறது. ஆள் அதே ஆள். அவன் உத்தரவைக் கேட்டு நடக்கும் மற்ற மரபணுக்களின் பட்டியல்தான் வேறு. மறுபடியும் பெருக்கத்துக்கு வேலையில்லை. இறாலில் முன்கால்கள் வாயுறுப்பாக மாறிய கதையும் இப்படித்தான்: உபிஎக்ஸ் எந்தத் துண்டத்தில் விழிக்கத் தொடங்குகிறது என்ற எல்லைக்கோடு ஒன்றிரண்டு துண்டம் பின்னுக்குப் போனது. 1997இல் மிகாலிஸ் அவெரோஃபும் நிபம் பட்டேலும் பல இனங்களில் இதைக் காட்டினார்கள்.

சரி, இந்தப் பேரணியில் இரட்டித்தவரும் இருக்கிறாரே என்று கேட்கலாம். இருக்கிறார், மிளகுக் குப்பைக்குள்ளேயே. சிலந்தியும் தேளும். இவ்விரண்டின் பொது முன்னோரில் நாற்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்பு மொத்தத் தொகுதியும் இரட்டித்ததென்று 2017இல் தெளிவானது. அவற்றிடம் ஹொக்ஸ் கொத்து இரண்டு. பூச்சிகளிடம் ஒன்று. இப்போது பந்தயத்தை நீங்களே தீருங்கள். சிறகு, முழுதாக உருமாறும் வாழ்க்கை, உறிஞ்சும் வாய், மெல்லும் வாய், நக்கும் வாய், பாயும் கால், நீந்தும் கால். வண்டும் கொசுவும் தும்பியும் எறும்பும். இவ்வளவும் இரட்டிக்காத பக்கத்தில். இரட்டித்த பக்கத்தில் எட்டுக் கால், இரண்டு பகுதி உடல், அதே சிலந்தி. அழகான பிராணி, எனக்குப் பிடித்த பிராணியும்கூட. ஆனால் உடலமைப்பின் கண்டுபிடிப்பில் பூச்சிக்கு ஈடில்லை.

சிலந்தியின் வக்கீல்களிடம் ஒரு நல்ல சாட்சி உண்டு. சிலந்திக் காலில் முழங்கால்போல் ஒரு சிறு துண்டம் இருக்கிறது. டாக்ஷண்ட் என்ற மரபணுவின் இரட்டித்த பிரதிகளில் ஒன்று அந்தத் துண்டத்தை உண்டாக்க அவசியம் என்று ஆய்வு காட்டியது. ஆனால் ஒல்லிக்கால் அறுவடைச் சிலந்தி என்ற தூரத்து உறவினருக்கும் அந்த முழங்கால் துண்டம் உண்டு. அதன் தொகுதியில் அந்தப் பெரிய இரட்டிப்பு நடக்கவில்லை. ஆக, சிலந்தியில் அந்தப் பிரதி அந்த வேலையை இன்று பார்ப்பது உண்மை. துண்டம் அந்தப் பிரதியால்தான் பிறந்தது என்பது வேறு கூற்று.

குதிரைலாட நண்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒடிசாக் கரையில் கரையேறும் இந்தப் பிராணியின் வம்சத்தில் தொகுதி ஒன்றுக்கு மேற்பட்ட முறை இரட்டித்திருக்கிறது. 44 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய உயிர்ச்சுவட்டில் அதன் உறவினர் கிடக்கிறது. பார்த்தவுடன் அடையாளம் தெரியும். "உயிருள்ள உயிர்ச்சுவடு" என்று பெயர் வாங்கிய பிராணியே பெருக்கத்தின் வெற்றிவீரராக இருந்திருக்க வேண்டியவர்.

இனி எலியிடம் போவோம். என் பார்வையில் இந்த விவாதத்தை முடித்துவைக்கும் சோதனைகள் எலியில்தான் நடந்தன. நடத்தியவர் மரியோ கபெக்கி. எலியின் மரபணுவைக் குறிபார்த்து மாற்றும் முறைக்காக 2007இல் நோபல் பரிசு பெற்றவர். ஹொக்ஸ்ஏ3, ஹொக்ஸ்டி3 என்ற இரண்டும் பழைய இரட்டிப்பில் பிரிந்த சகோதரர்கள். இன்று ஒன்று கழுத்துப் பகுதியில் தைமஸ் போன்ற உறுப்புகளுக்கு வேண்டியது, மற்றது கழுத்தெலும்புகளுக்கு வேண்டியது. இருவரின் புரதங்களும் வேறு வேலை கற்றுக்கொண்டன என்பதுதான் பாடநூல் விளக்கம். 2000இல் அவர் குழு ஒருவர் புரதத்தை மற்றவர் இடத்தில் வைத்தது. எலிகள் சரியாகவே வளர்ந்தன. புரதத்தில் வேறுபாடு எதுவும் பெரிதாக இல்லை. எங்கே, எப்போது, எவ்வளவு உற்பத்தியாகிறது என்பதில்தான் வேறுபாடு.

2006இல் பீட்டர் த்வர்திக்கும் கபெக்கியும் இன்னொரு படி ஏறினார்கள். ஹொக்ஸ்ஏ1, ஹொக்ஸ்பி1 என்ற சோடி, மூளைத்தண்டின் வளர்ச்சியைப் பார்ப்பது. இந்த இரண்டும் ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு முன் ஒன்றாக இருந்தவை. ஹொக்ஸ்பி1இன் ஒரு சிறு கட்டுப்பாட்டுத் துணுக்கை எடுத்து ஹொக்ஸ்ஏ1க்குப் பக்கத்தில் பொருத்தினார்கள். பிறகு ஹொக்ஸ்பி1 இல்லாமலே அந்த எலி வளர்ந்தது. வழக்கமாக ஹொக்ஸ்பி1 போனால் முகநரம்பு கெட்டு முகம் செயலிழக்கும்; இங்கே அந்தக் கேடு நீங்கியது. இரட்டிப்பு என்ன செய்தது என்பதற்கு இதைவிட வெளிச்சம் வேறில்லை. ஒரே ஆள் பார்த்த இரண்டு வேலையை இரண்டு பேர் பங்கிட்டுக்கொண்டார்கள். பங்கீட்டைக் கலைத்தாலும் வேலை நடக்கிறது. 1999இல் ஆலன் ஃபோர்ஸும் மைக்கேல் லிஞ்சும் சகாக்களும் பிரதிகள் பெரும்பாலும் உயிர்பிழைப்பது இப்படித்தான் என்று கோட்பாடாகச் சொல்லியிருந்தார்கள்: ஒவ்வொரு பிரதியும் பழைய கட்டுப்பாட்டுத் துணுக்குகளில் சிலதை இழக்கும், பிறகு இரண்டும் சேர்ந்தால்தான் பழைய வேலை முழுமையாகும், எனவே இரண்டையும் வைத்திருக்க வேண்டியதாகிறது. பங்கிட்டதால் முதலீடு கூடிவிட்டதென்று யாரும் சொல்வதில்லை.

"சரி, கால் எப்படி வந்தது, அதைச் சொல்லுங்கள்" என்று விடாப்பிடியாகக் கேட்பவர் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். முதலில் கால் போன கதை. மாத்தளை மாவட்டத்தின் கிழக்கே நக்கிள்ஸ் மலையில் மட்டும் வாழும் ஒரு பாம்பரணை உண்டு, கால்சிடோசெப்ஸ் த்வெய்ட்ஸை. நான்கு காலும் உண்டு, ஒவ்வொன்றிலும் நான்கு விரல், ஆனால் கால்கள் பெயருக்குத்தான். உடல் மண்ணுக்குள் வளைந்து போகிறது. அதன் உறவான நெஸ்ஸியா பேரினம் இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லை. அதற்குள்ளேயே மூன்று விரல் உள்ளது உண்டு, பின்கால் மட்டும் மிஞ்சியது உண்டு, காலே இல்லாதது உண்டு. "அரணை கடித்தால் மரணம்" என்று பயந்து அடித்துப்போடாமல் அடுக்கி வைத்தால், கால் படிப்படியாகக் குறைவதைக் காணலாம். மொத்த இரட்டிப்புகளை நம்புபவர் இந்தப் படிகளில் எந்தப் படிக்கு எந்தப் பிரதி என்று காட்டவேண்டும்.

பாம்பில் இந்தக் கேள்விக்கு நேரான விடை கிடைத்திருக்கிறது. கால் முளைக்க அவசியமான சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற மரபணு பாம்பிடமும் நலமாக இருக்கிறது. அதைக் காலில் எழுப்பும் சாவி அந்த மரபணுவிலிருந்து பத்து லட்சம் எழுத்துகள் அளவு தள்ளியிருக்கும் ஒரு துணுக்கில் இருக்கிறது. 2016இல் பாம்புகளின் துணுக்கை எலியில் வைத்தார்கள்: கால்கள் கட்டையாகிப்போயின. பாம்பு இழந்த பதினேழு எழுத்துகளை அதில் திரும்பச் சேர்த்தார்கள்: கால் திரும்பியது. பதினேழு எழுத்து.

"அது அழிவு, ஆக்கத்துக்குச் சான்று எங்கே?" என்பார்கள். நியாயம், இடிப்பது கட்டுவதைவிட எளிது. கட்டிய கதைக்கு விரலைப் பாருங்கள். மீனின் துடுப்பில் விரல் இல்லை. துடுப்புக் கதிர்கள்தான் இருக்கின்றன. விரலுக்கு வேண்டிய ஹொக்ஸ்13 மரபணுக்கள் மீனிடம் ஏற்கெனவே இருந்தன, சீப்ரா மீனிடம் நம்மைவிடக் கூடுதலான பிரதிகள்கூட. 2016இல் நீல் ஷூபினின் ஆய்வுக்கூடம் இந்த மரபணுக்களைச் சீப்ரா மீனில் செயலிழக்கச் செய்தபோது துடுப்புக் கதிர்கள் குறைந்து, அடியில் எலும்புகள் கூடுதலாக வந்தன. எலியில் அதே மரபணுக்களை எடுத்தால் விரல் போகும். துடுப்பு நுனியையும் விரல் நுனியையும் ஒரே மரபணுக்கள்தான் ஆக்குகின்றன. விரல் பிறந்ததற்கு அவை எப்போது எவ்வளவு நேரம் விழித்திருக்கின்றன என்பதில் வந்த மாற்றம் போதுமானது. 2021இல் இன்னொரு குழு சீப்ரா மீனில் ஒரே விகாரத்தால் துடுப்புக்குள் கைபோன்ற கூடுதல் எலும்பும் மூட்டும் முளைப்பதைக் காட்டியது. அந்த மீன்கள் யாரிடமும் மேலதிகப் பிரதி கடன் வாங்கவில்லை.

எதிர்த்தரப்பின் கடைசி அரண் காலத்தின் பின்னால் ஒளிந்துகொள்கிறது. இரட்டிப்பு உடனே பலன் தராது, கோடிக்கணக்கான ஆண்டுகள் கழித்துத்தான் தரும், என்கிறார்கள். எப்போது நிகழ்ந்தாலும் பலன் என்று சொல்லலாம். பலன் வரவில்லையென்றால் இன்னும் காலம் ஆகவில்லை என்று சொல்லலாம். இந்தக் கூற்றைத் தோற்கடிக்க எந்தச் சான்றாலும் முடியாது. அதுதான் அதன் குறை. உயிர்ச்சுவடுகளைக் கேட்டவர்கள் வேறு பதில் பெற்றார்கள். 2005இல் ஃபிலிப் டொனஹ்யூவும் மார்க் பர்னலும் சுட்டிக்காட்டியது இது: உயிரோடிருக்கும் விலங்குகளை மட்டும் வைத்தால்தான் இரட்டிப்புக்குப் பின் உடல் திடீரென்று துள்ளியது போலத் தெரிகிறது, அழிந்துபோன தாடையற்ற கவசமீன்களை அந்த இடைவெளியில் வைத்தால் துள்ளல் மறைந்து, தாடைக்குரிய பண்புகள் ஒவ்வொன்றாகச் சேர்வது தெரிகிறது. எலும்பு மீன்களின் மூன்றாவது இரட்டிப்பைப் பற்றியும் அப்படியே. அந்த இரட்டிப்பு நடந்த பெருங்கூட்டத்தில் இன்று முப்பதாயிரம் இனங்கள்; இரட்டிக்காத உறவினர்களான போஃபின், கார் மீன்களில் ஒரு கைப்பிடி. பார்த்தீர்களா வெற்றியை என்பார்கள். ஜோன் கிளார்க், கிரேம் லாயிட், மாட் ஃப்ரீட்மன் மூவரும் 2016இல் டைனசோர் காலத்து உயிர்ச்சுவட்டு மீன்களை அளந்தார்கள். தொடக்கத்தில் இரட்டித்தவர்கள் உடல் வடிவில் வேகமாக மாறியதற்கு நல்ல சான்று கிடைக்கவில்லை. இன்று எஞ்சிய சிலரை மட்டும் வைத்து "தேக்கம்" என்று ஏளனம் செய்யப்பட்ட உறவினர்கள் அக்காலத்தில் தம் பங்குக்குச் செழித்தே இருந்தார்கள்.

மன்னார் வளைகுடாவில், மண்டபத்துக்கு அருகே குருசடைத் தீவில் கிடைக்கும் பலனோகுளோசஸ் புழுவையும் இங்கே கேட்கவேண்டும். தமிழ்நாட்டு விலங்கியல் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்க்கப் போகும் புழு. டைக்கோடெரா ஃப்ளாவா என்பது அதன் அறிவியற்பெயர். அதன் ஹொக்ஸ் கொத்து ஒன்று, பன்னிரண்டு மரபணுக்கள், முறையாக வரிசையில். 2003இல் கிறிஸ்டோபர் லோவும் சகாக்களும் இதன் உறவான இன்னொரு புழுவில் மூளையின் முன், நடு, பின் பகுதிகளை நமக்கு வகுக்கும் மரபணுக்கள் உடலின் முன்னிருந்து பின்னாக அதே வரிசையில் விழிப்பதைக் கண்டார்கள். வரைபடம் முழுதும் இருக்கிறது. மூளையில்லை, முள்ளந்தண்டில்லை. இரட்டிப்புக்கு முன்பே வரைபடம் போடப்பட்டுவிட்டது, இரட்டிப்பு அதை வரையவில்லை. மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் இருக்கும் உடல்வேறுபாட்டைப் புரதங்களின் சிறு வேறுபாட்டால் விளக்க முடியாது, கட்டுப்பாட்டில்தான் தேடவேண்டும் என்று மேரி கிளேர் கிங்கும் ஆலன் வில்சனும் 1975இலேயே எழுதிவிட்டார்கள். ஓனோவின் புத்தகம் வந்து ஐந்தே ஆண்டில்.

இரட்டிப்புக்கு உரிய மரியாதையை மறுக்கும் எண்ணம் எனக்கில்லை. ஹொக்ஸ் கொத்து என்ற ஒன்றே பக்கத்தில் பக்கத்தில் நடந்த மிகப் பழைய இரட்டிப்புகளின் பிள்ளை. இருபக்கச் சமச்சீர் விலங்குகள் பிரிந்து பரவும் முன்பே முடிந்த வேலை அது. அந்த ஆதிப் பெருக்கம் இல்லாமல் எதுவும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். இரத்தத்தின் ஈமோகுளோபின் வகைகள், மூக்கின் மணமறியும் மரபணுக் கூட்டம், கண்ணின் நிறமறியும் புரதங்கள், இவையெல்லாம் இரட்டிப்பு நேரடியாகத் தந்த கொடைகள். கலம் என்ன உணர்கிறது, எதைச் செரிக்கிறது, எதை எதிர்க்கிறது என்பதில் பிரதிகள் சாதித்தது நிறைய. பழைய உலகக் குரங்குகளுக்கும் நமக்கும் பொதுவான முன்னோரில் ஒரு நிறப்புரத மரபணு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இரட்டித்தது. அதனால் சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்கிறோம். மிளகுக் கதிரில் ஓரிரண்டு மணி சிவந்ததும் பறிப்புக்கு ஆள் கூப்பிடும் யட்டவத்தத் தோட்டக்காரர் அந்தப் பிரதியைத்தான் பயன்படுத்துகிறார். தென்னமெரிக்காவின் ஊளைக்குரங்குகளிடமும் இதே மரபணு தனியாக இன்னொரு முறை இரட்டித்து அதே பார்வையைக் கொடுத்தது. அதன் பிறகும் ஊளைக்குரங்கின் கைகால் வால், பக்கத்துக் கிளையில் இரட்டிக்காமல் இருக்கும் குரங்கின் கைகால் வால் மாதிரியேதான் இருக்கின்றன.